மதியத்துக்கு மேல் தைக்கும் பீஸ் குறைகிறதா? தண்ணீரில் ஆரம்பியுங்கள்

கேள்வி: திருப்பூரில் 40 டைலர்களை வைத்து பனியன் யூனிட் நடத்துகிறேன். ஏப்ரல் பிறந்தாலே மதியத்துக்கு மேல் பீஸ் குறைகிறது, ஆல்டர் (தையல் பிழையால் திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) கூடுகிறது, லீவும் அதிகம். இன்சென்டிவ் கொடுக்கலாமா, இன்னொரு சூப்பர்வைசர் போடலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். லீவு போட்டவரால் வரும் நஷ்டம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தலைவலியோடு ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரால் வருவது ஆல்டர் குவியலுக்குள் ஒளிந்துகொள்கிறது. செக்கிங்கில் வரும் ஆல்டரை ஒரு வாரம் மணி வாரியாக எழுதி வையுங்கள். இரண்டு மணிக்கு மேல்தான் ஏறுகிறது என்றால் சிக்கல் கைத்திறனில் இல்லை, உடம்பில் இருக்கிறது.

அப்புறம் பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? அது சரியில்லை என்றாலோ, எழுந்து போனால் பீஸ் ரேட்டில் (பீஸ் கணக்கில் கூலி) காசு போகும் என்றாலோ, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் தைப்பார்கள், இதை உங்களிடம் வந்து சொல்லவும் மாட்டார்கள். முதலில் தலைவலி, பிறகு நீர்க்கடுப்பு, கடைசியில் மூன்று நாள் லீவு. கழிப்பறையைச் சரிசெய்துவிட்டு, மணிக்கு ஒருமுறை கைமடியை (டைலருக்கு உதவும் ஆளை) விட்டு லைனுக்கே தண்ணீர் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. அயர்ன் டேபிளை லைனை விட்டுத் தள்ளிப் போடுங்கள், கூரைக்கு வெள்ளையடியுங்கள். பெங்களூரு கார்மென்ட் ஃபேக்டரிகளில் டியூப்லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டபோது, சூடு குறைந்து வெயில் நாட்களில் உற்பத்தி கூடியதைப் பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ரத்தசோகையையும் விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இரும்புச்சத்து கொடுக்கப்பட்ட பெண்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்ததை 1970களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், மாத்திரையை மருத்துவர் சொல்லட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, அதனால் டீ பிரேக்கை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

லீவு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். காய்ச்சலுக்கு ஒரு நாள் போட்டாலே அட்டெண்டன்ஸ் போனஸை வெட்டினால், காய்ச்சலோடுதான் வருவார்கள், பக்கத்து மெஷினுக்கும் ஒட்டிவிடுவார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 3.25 சதவீதம். பங்களிப்பு நாட்கள் சரியாக இருந்தால் நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி அங்கிருந்தே வரும். யாரையும் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தால் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.