வில்லங்கம் என்றொரு சொல்

மனை வாங்கப் போகிறோம். ‘ஈ.சி. போட்டுப் பாருங்கள்’ என்கிறார்கள். அதன் விரிவு என்ன, பொருள் என்ன?
வாசகி, மேலூர்

என்கம்பரன்ஸ் சர்டிபிகேட், தமிழில் வில்லங்கச் சான்றிதழ். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வழியை அடைத்துக்கொண்டு கிடப்பது என்பது வேர்ப்பொருள். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. சொத்தின் மேல் அப்படிக் கிடக்கும் அடமானம், ஜப்தி போன்றவைதான் என்கம்பரன்ஸ். ஆங்கிலத்தைவிட நம் சொல் எனக்கு உசத்தி. ‘வில்லங்கமான ஆள்’ என்று கேட்டதும் இரண்டடி தள்ளி நிற்கிறோம்; என்கம்பரன்ஸ் யாரையும் அப்படி மிரட்டாது.

சான்றிதழில் ‘நில்’ என்று வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
வாசகர், திருமங்கலம்

ஆங்கிலத்தில் அதற்கு ‘ஏதுமில்லை’ என்று பொருள். நீங்கள் அதைத் தமிழாகவே படித்து, சற்று நில்லுங்கள். நீங்கள் கேட்ட ஆண்டுகளுக்குள் பதிவானவற்றை மட்டுமே அந்தத் தாள் சொல்லும். பதியாத உயில், வாய்மொழிக் குத்தகை, பங்காளி போட்ட வழக்கு ஆகியவை அதில் இல்லாமல் போகலாம். மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவதும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி அடமானம்தான். அதையும் பதியாமல் விட்டிருந்தால் தாளில் ஏறாது. ஆகவே மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ‘எங்கேயோ வைத்துவிட்டேன்’ என்று விற்பவர் தலையைச் சொறிந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதவியில் இருப்பவரை ‘இன்கம்பென்ட்’ என்கிறார்களே, இரண்டும் ஒரே வேரா?
மாணவர், உசிலம்பட்டி

இல்லை. அது ‘மேலே சாய்ந்திரு’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்க மறுத்தால் இரண்டுக்கும் உறவு உண்டாகிவிடும், அது வேறு கதை.

மறுமண விளம்பரம் ஒன்றில் ‘நோ என்கம்பரன்ஸ்’ என்று இருந்தது. கடன் இல்லை என்பதா?
வாசகி, மதுரை

குழந்தைகள் இல்லை என்பது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டு வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் இந்தப் பொருளில் புழங்கியது. அங்கே வழக்கொழிந்துபோனதை நாம் இன்னும் விடவில்லை. எனக்கு இது அறவே பிடிக்காது. பெற்ற பிள்ளையை அடமானத்தோடு சேர்த்தா எழுதுவது? ‘குழந்தைகள் இல்லை’ என்று போடலாமே. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினாலும், அதுவும் இரண்டு சொல், இதுவும் இரண்டு சொல்.