ஏலத்தோட்டத்துக்கு எந்த வண்டி?

கேள்வி: போடியில் இருக்கிறேன். மலைக்கு மேலே, கேரளாவில் சாந்தன்பாறை பக்கம் 4 ஏக்கர் ஏலத்தோட்டம், வருஷத்துக்கு 800 கிலோ காய். வேறு வருமானம் கிடையாது. கடைசி 3 கிலோமீட்டர் மண் பாதை என்பதால் வாரம் இரண்டு முறை வாடகை ஜீப்பில் போகிறேன். மகன் மஹிந்திரா தார் ராக்ஸ் ஃபோர் வீல் டிரைவ் என்கிறான். வீட்டில், மதுரை, சென்னை போக வசதி என்று எக்ஸ்யூவி 700 கேட்கிறார்கள். இரண்டுமே ஆன்ரோடு 25 லட்சம் கிட்ட வருகிறது. கையில் 10 லட்சம், மிச்சம் கடன். எதை வாங்கலாம்?

பதில்: வண்டியை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். மழையில் அந்தப் பாதை ஏற லோ கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர், வேண்டும். ராக்ஸ் ஃபோர் வீல் டிரைவில் அது உண்டு. எக்ஸ்யூவி 700-ல் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலில்கூட லோ கியர் இல்லை. அதை வாங்கினால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சொகுசாக ஏறிப் போய், மண் பாதை முக்கில் நிறுத்திவிட்டு, பழையபடி வாடகை ஜீப்புக்குக் காத்திருப்பீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 15 லட்சம் கடன்தான். 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்குப் போட்டால் மாதம் சுமார் 31,140 ரூபாய், வருஷத்துக்கு 3.74 லட்சம். '7 வருஷமாகப் போட்டால் 24,130 தானே சார்' என்று ஷோரூமில் சொல்வார்கள். வட்டி மட்டும் 3.68 லட்சத்திலிருந்து 5.27 லட்சமாகிவிடும். காய் விலையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது, 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அந்த ஆயிரத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். மொத்தம் 8 லட்சம். எடுப்புக் கூலி, உரம், மருந்து, ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடம்) காய வைக்கும் செலவு எல்லாம் போன பிறகு 3.74 லட்சம் தவணையும் கட்டினால் வீட்டுச் செலவுக்கு என்ன நிற்கும்?

அதனால் மகன் சொல்கிற ரகம்தான், ஆனால் புதுசு வேண்டாம். 3, 4 வருஷம் ஓடிய தார் டீசல், ஃபோர் வீல் டிரைவ் பாருங்கள். கடன் 4 லட்சத்தைத் தாண்ட வேண்டாம், 3 வருஷத்தில் முடித்துவிடுங்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கொஞ்சம் கூடத்தான், தொகை சின்னது என்பதால் தாங்கும். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஒரு மேட்டில் ஏற்றி லோ கியர் விழுகிறதா, அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள். மூன்று கதவுத் தாரில் பின் சீட்டுக்கு ஏறி இறங்குவது சிரமம், வீட்டில் முணுமுணுப்பு வரும். சென்னைக்குப் போடியிலிருந்தே வாரம் மூன்று நாள் ரயில் இருப்பதைச் சொல்லிப் பாருங்கள்!

வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதைத் தேய்மானச் செலவாகக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏலக்காய் விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியே இல்லை, எதில் கழிப்பது? இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் பூட்டிக்கொண்டால் சாதாரண பாலிசியில் பணம் வராது. அப்புறம், மலைக்கு மேலே கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கண்ணில் படலாம். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.