ஃப்ளஷ் செய்வதற்கு முன் கழிப்பறை மூடியை மூட வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ஃப்ளஷ் செய்யும்போது வேகமாகப் பாயும் தண்ணீர் கோப்பைக்குள் மோதிச் சிதறுவதால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் மேலெழுகின்றன. அவற்றுள் பெரியவை இருக்கையிலும் தரையிலும் படிய, மிகச் சிறியவை சிறிது நேரம் காற்றிலேயே மிதக்கின்றன. 1975இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. சோடா பாட்டிலைத் திறந்தவுடன் முகத்தில் தெறிக்கும் சாரலைப் போன்றதே இதுவும், ஆனால் இத்துளிகளில் மலக்கிருமிகள் இருக்கலாம். கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாக உள்ள வீடுகளில், வாஷ்பேசினுக்கு மேலுள்ள தட்டில் குடும்பத்தார் அனைவரின் பல் துலக்கும் பிரஷ்களும் திறந்தபடி நிற்பதுதான் உண்மையில் கவலைக்குரியது. மூடியே இல்லாத இந்தியக் கழிப்பறையாக இருந்தால், அவற்றை வெளியே வைப்பதே நல்லது. மூடிவிட்டால் எதுவுமே வெளிவராது என்று பலர் நம்பினாலும், மூடிக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியே நுண்துளிகள் வெளியேறும் என்பதால், மூடுவது பெருந்துளிகளைத் தடுக்குமே தவிர, சோப்பிட்டுக் கை கழுவுவதற்கும் கழிப்பறையைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்ப்பதற்கும் ஈடாகாது.