உறுமிச் சத்தத்தை வெட்டும் செயலிகள்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் மேளம் வாசிக்கிற, பாட்டுப் பதிவு செய்கிற பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணே, கோயில் திருவிழாவில் கைப்பேசியில் பதிவு செய்தோம். தப்பு மேளம் கேட்கிறது, உறுமி மேளம் மட்டும் வந்து வந்து போகிறது. கைப்பேசி பழுதா?

பதில்: பழுது இல்லை தம்பி. பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கம் உள்ளே ஓடுகிறது. விட்டு விட்டு வந்தால் பேச்சு, சீராக இழுத்துக்கொண்டே வந்தால் மின்விசிறி, மோட்டார், அவ்வளவுதான் அதன் கணக்கு. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுக்கும்போது எழும் அந்த நீண்ட உறுமலையும் மோட்டார் கணக்கில் சேர்த்து அமுக்கிவிடுகிறது. நம் மேளத்துக்கே உயிரான சத்தம் அது, அதைக் குப்பை என்று ஒரு செயலி முடிவு செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதோடு ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதியும் இருக்கும், தப்பில் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அப்புறம் மெல்ல ஏற்றும். இரண்டையும் அணைக்க முடிகிற பதிவுச் செயலியைத் தேடுங்கள். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள், ஓங்கின அடிகூட செயலியின் அளவுகாட்டியில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் கையால் வையுங்கள். அணைக்கவே வழியில்லை என்றால் தனி ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்குவது மேல்.

கேள்வி: ஜூமில் உறுமி சொல்லிக்கொடுக்கிறேன், அங்கேயும் இதே கதை.

பதில்: ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையில் அதே பெயரில் உள்ள பொத்தானையும் பாருங்கள், அணைந்திருந்தால் பயனில்லை. வாசித்துக் காட்டும் பிள்ளைகளும் போட வேண்டும். ஹெட்போன் அவசியம்.

கேள்வி: கணினியில் குவாண்டைஸ் செய்தால் எங்கள் அடியில் உயிரே இல்லை.

பதில்: எப்படி இருக்கும்? குவாண்டைஸ் என்றால் அடிகளைச் சம இடைவெளிக் கோடுகளில் நிறுத்துவது. நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்து, தட்டின் கால் பாகத்துக்கு ஒரு கோடு என்றால் 150 மில்லி விநாடிக்கு ஒரு கோடு, ஒவ்வோர் அடியையும் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து ஒட்டிவிடுகிறது. நம் அடி நிதானமாக ஆரம்பித்து, சாமி வரும் நேரத்தில் வேகம் ஏறும், அதை ஒரே வேகக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. மெட்ரோனோம் இல்லாமல் பதியுங்கள், அடிகளைக் கோட்டில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணையுங்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம் என்றால் செயலியின் தாள அமைப்பில் 4/4 என்று இருப்பதை முதலிலேயே 7/8 ஆக்குங்கள்.

கேள்வி: ஆட்டோட்யூன் போட்டால் தங்கச்சி பாடிய கமகம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறதே?

பதில்: 1997-இல் அன்டாரஸ் கொண்டுவந்த அந்தக் கருவி, குரலைப் பக்கத்தில் உள்ள சுரத்துக்கு இழுக்கிறது. கமகமோ இரண்டு சுரங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. அப்படி இழுக்கும் வேகமான ரீட்யூன் வேகத்தை நன்றாக மெதுவாக்கி, தவறிய இடத்தை மட்டும் திருத்துங்கள். முடிந்தால் அந்த வரியைத் திரும்பப் பாடச் சொல்லுங்கள், அதுதான் சரி.

கேள்வி: பாட்டு வரி எழுதினால் தோட்டத்துப் பேச்சையெல்லாம் கீபோர்டு மாற்றிவிடுகிறது.

பதில்: கூகுளின் கீபோர்டான ஜீபோர்டு என்றால், அதில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, உங்கள் சொற்களைத் தனிப்பட்ட அகராதியில் சேர்த்துவிடுங்கள்.