ராகிக் காவலுக்கும் அருவிக்கும் எந்தக் கொசு விரட்டி?

ஐப்பசி மழை பிடித்ததும் கொசு விரட்டி பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

யானைக்குப் பயந்து ராகிக் கொல்லையில் விடிய விடியக் காவல் இருக்கிறோம். தடவும் கிரீம் நடுராத்திரி வரைகூடத் தாங்குவதில்லை. ‘ஸ்ட்ராங்’ ஆனது எது? (தேன்கனிக்கோட்டை)

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கிரீமில் டைஎத்தில் பென்சமைடு என்ற விரட்டி மருந்து 12 சதவீதம் இருக்கும். சாயங்காலம் வாசலில் உட்கார அது போதும். இரவுக் காவலுக்கு டீட் (DEET) அல்லது பிகாரிடின் என்ற விரட்டி மருந்து 20 சதவீதம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சதவீதம் கூடினால் கொசு அதிகம் பயப்படும் என்பதில்லை, கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவுதான். டீட் 10 சதவீதம் சுமார் 2 மணி நேரம், 20 முதல் 30 வரை என்றால் சுமார் 5 மணி நேரம். 50-க்கு மேல் போனால் காசுதான் கூடும். எப்படியும் நடுவில் ஒருமுறை திரும்பத் தடவத்தான் வேண்டும்.

டீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தடவிய கையோடு டார்ச்சைப் பிடித்தால் அதன் முகப்பு மங்கிப் பிசுபிசுக்கும். வாட்ச் கண்ணாடியும் ரெக்சின் பையும் அப்படித்தான். யானை வரும் இடத்தில் டார்ச் தெளிவாக எரிய வேண்டாமா? உள்ளங்கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், அல்லது பிகாரிடின் வாங்குங்கள். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பரண் மேல் முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கொசுவத்திச் சுருள் திறந்த வெளியில் காற்றுக்குத்தான் புகை போடும்.

கிரீம் தடவிக்கொண்டுதான் ஒகேனக்கல் போனோம். அப்படியும் கடி. கிரீம் போலியா? (பென்னாகரம்)

எண்ணெய் மசாஜ் எடுத்து, அருவியில் நின்றுவிட்டு கிரீமைக் குறை சொல்லலாமா? குளித்து, துவட்டி, உடம்பு காய்ந்தபின் தடவுங்கள். சன்ஸ்கிரீன் போடுபவர்கள் அதை முதலில் போட்டு, விரட்டியை அப்புறம் தடவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதுவும் கணுக்காலையும் பாதத்தையும் தேடி வரும். நம்மவர்கள் கை, கழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். அப்புறம், பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீயிடம் எந்த விரட்டியும் எடுபடாது. கூட்டைப் பார்த்தால் சத்தமில்லாமல் விலகிவிடுங்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவலாமா? (பாலக்கோடு)

வேண்டாம். குழந்தை கையை வாயில் வைக்கும். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. வலைதான் நல்லது. வெளியே போகும்போது குறைந்த சதவீத டீட்டை உங்கள் உள்ளங்கையில் எடுத்து, குழந்தையின் கை, கண், வாய் தவிர்த்து லேசாகத் தடவலாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதுவும் கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளவை 3 வயதுக்கு மேல்தான்.

பட்டுப்புழு மனையில் இரவு வேலை. சுருள் கொளுத்தலாமா? (தருமபுரி)

கொளுத்தவே கூடாது. சுருளிலும் பிளக்கில் மாட்டும் திரவத்திலும் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. புழுவும் பூச்சிதானே, கொசுவுக்கு முன்னால் அது விழும். சன்னலுக்கும் கதவுக்கும் வலை அடியுங்கள். கிரீம் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மல்பெரி இலையைத் தொடாதீர்கள்.

சித்தேரி மலைப் பக்கம் ஆடு மேய்க்கிறேன். கொசு விரட்டி உண்ணிக்குக் கேட்குமா? (அரூர்)

டீட்டும் பிகாரிடினும் கேட்கும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஒட்டிய உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். புதரில் திரிந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், அக்குள், தொடை இடுக்கில் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். இது உண்ணியால் அல்ல, புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். மேய்ச்சலுக்குப் போவதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரத்தில் கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு அது கட்டுப்படும்.