தேன் பாட்டில் எதுக்குன்னு முதல் நாளே கேட்டுடுங்க

லாசுப்பேட்டை தம்பி, நீங்க கேட்டது: "அண்ணா, ஜெர்மனியில பாலிமர் லேபுல வேலை கிடைச்சிருக்கு. அல்ட்ராசவுண்ட் வச்சு பிளாஸ்டிக்கோட விறைப்பை அளக்கணுமாம். காலேஜ்ல இழுத்துப் பார்க்கிற மெஷின் மட்டும்தான் தொட்டிருக்கேன். சமாளிப்பேனா? என்ன எடுத்துட்டு வரணும்?"

நான் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப லீவுல வந்து, கடலூர் முதுநகர் வீட்டுத் திண்ணையில உக்காந்துதான் எழுதுறேன்.

தாராளமா சமாளிப்பீங்க. இங்க துறைமுகத்துல விசைப்படகுக்காரங்க எக்கோ சவுண்டர் வச்சிருக்காங்களே, அதேதான். கடல் தண்ணியில ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி திரும்பி வர நேரத்தை வச்சு ஆழம் தெரியுது. லேபுல அது தலைகீழ். தகட்டோட தடிமன் கையில இருக்கு, வேகத்தைத்தான் கண்டுபிடிக்கணும். அந்த வேகத்தோட வர்க்கத்தை அடர்த்தியால பெருக்கினா மாடுலஸ், அதாவது விறைப்போட அளவு. வர்க்கம்ங்கிறதால வேகத்துல 1 சதவீதம் பிசகினா மாடுலஸ்ல 2 சதவீதம் பிசகும். தடிமனை ஒரே இடத்துல அளந்துட்டு எழுந்துடாதீங்க.

நெட்டலை (போற திசையிலேயே அதிர்றது), குறுக்கலை (அதுக்குக் குறுக்கா அதிர்றது) ரெண்டையும் அனுப்பணும். குறுக்கலை தண்ணி மாதிரி திரவத்துல போகாது. அதனால அலையை அனுப்புற புரோபுக்கும் தகட்டுக்கும் நடுவுல வழக்கமான ஜெல் உதவாது, நல்லா கெட்டியா ஏதாவது தடவணும். முதல் வாரம் மேஜையில ஒரு தேன் பாட்டில் இருந்துச்சு. யாரோட டீக்கோன்னு நினைச்சு என் டீயிலயும் ரெண்டு ஸ்பூன் ஊத்திக்கிட்டேன். யாரும் எதுவும் சொல்லல. மறுநாள் பாட்டில் மேல "சோதனைக்கு மட்டும்"னு சீட்டு ஒட்டியிருந்துச்சு!

அதை விடுங்க, நிஜமா மாட்டிக்கிட்டது அக்ரிலிக்ல. வேகம் நொடிக்கு நெட்டலை சுமார் 2,700, குறுக்கலை சுமார் 1,380 மீட்டர் வந்துச்சு. கணக்குப் போட்டா யங் மாடுலஸ், அதாவது இழுக்கிறப்ப காட்டுற விறைப்பு, 6 ஜிகாபாஸ்கல். அதே தகட்டுலேருந்து வெட்டின துண்டை மெஷின்ல இழுத்தா 3. பாதிக்குப் பாதி! என் தப்புதான்னு முடிவு பண்ணி, ரெண்டு வாரம் யார்கிட்டயும் சொல்லாம தகட்டை மாத்தினேன், புரோபை மாத்தினேன், ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்தேன்.

கடைசியில மேலாளர் பார்த்துட்டு, ரெண்டும் சரின்னாரு. பாலிமர் சங்கிலிகள், அதாவது பிளாஸ்டிக்கோட நீளமான மூலக்கூறுகள், நகர நேரம் வேணும். மெதுவா இழுத்தா நகர்ந்து குடுக்கும். நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல அதிர்ற அலைக்கு அதுக்கெல்லாம் அவகாசமே இல்ல, அதனால விறைப்பாத் தெரியும். உப்பனாத்துச் சேத்துல வேகமா ஓடினா கால் அவ்வளவா இறங்காது, நின்னா முட்டி வரைக்கும் போயிடுமே, ஏறக்குறைய அப்படி. அவருக்குக் கோபம் 6 வந்ததுல இல்ல, ரெண்டு வாரம் மறைச்சதுல. நம்ம ஊர்ல சார்கிட்ட போய் "புரியல"ன்னு நின்னா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும், அந்தப் பயத்தை பெட்டியில கட்டிக்கிட்டுப் போயிருக்கேன். நீங்க அதை இங்கேயே வச்சிட்டுப் போங்க.

எந்த எண் எழுதினாலும் பக்கத்துல வெப்பநிலை, அதிர்வெண், ஈரப்பதம் மூணும் எழுதுங்க. சோதனை அறை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துல இருக்கணும்ங்கிறது சும்மா சம்பிரதாயம் இல்ல. இரும்பு மாதிரி இல்ல பிளாஸ்டிக், சில டிகிரி ஏறினாலே வேகம் இறங்கும். நைலான் இன்னும் மோசம், காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு மெத்துனு ஆயிடும். நம்ம கடற்கரைக் காத்துல ஒரு விறைப்பு, அங்க ஹீட்டர் ஓடுற ஜனவரியில இன்னொரு விறைப்பு. அந்த ஜனவரியில உங்க உதடும் வெடிக்கும், தேங்காய் எண்ணெய் எடுத்துக்கங்க.

சின்ன குக்கர், பண்ருட்டி முந்திரி ரெண்டு கிலோ. ஒரு கிலோ லேபுக்கு. தேன் சீட்டு ஒட்டினவங்களே அதுக்கப்புறம் என்னை மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அரிசி, பருப்பெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

டிக்கெட் எடுக்கறப்ப சனிக்கிழமை ராத்திரி இறங்குற மாதிரி மட்டும் எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்கும். நான் அந்த முதல் ஞாயிறை பிளைட்ல குடுத்த ஒரு பன்னுல ஓட்டினேன்.