எண்ணெய் மின்மாற்றிக்குள் மின்னிறக்கம்: மீயொலி ஆய்வு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தொட்டிக்குள் நிகழும் மின்னிறக்கத்தை வெளியிலிருந்து எவ்வாறு உணர முடிகிறது?

பதில்: மின்காப்பிலுள்ள சிறு குமிழியிலோ கூர்முனையருகிலோ பகுதி மின்னிறக்கம் (மின்காப்பை முழுதும் ஊடுருவாமல் ஒரு பகுதியில் மட்டும் நிகழும் மின்னிறக்கம்) ஏற்படும்போது, அவ்விடம் நொடிப்பொழுதில் சூடாகி விரிந்து ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. எண்ணெய் வழியே தொட்டிச் சுவரை வந்தடையும் அவ்வலையை, கிரீஸ் தடவிக் காந்தத்தால் வெளியே பொருத்திய உணரி பதிவு செய்கிறது.

கேள்வி: இரும்பு உள்ளகத்தின் இரைச்சலும் மழைத்துளியின் ஓசையும் இதில் கலந்துவிடாதா?

பதில்: உள்ளகத்தின் இரைச்சல் பெரும்பாலும் 60 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடுவதால், 150 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய உணரிகளையே பலரும் பயன்படுத்துகின்றனர். மழைத்துளி அந்த எல்லையையும் தாண்டி ஒலிக்கும். ஆனால் மின்னிறக்கத்தைப்போல அது மின்னழுத்த அலையின் கட்டத்தைப் (ஏற்ற இறக்கச் சுழற்சியைப்) பின்பற்றாது.

கேள்வி: மின்னிறக்கம் நிகழும் இடத்தைக் கணக்கிடும் முறை என்ன?

பதில்: இம்முறையின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. மின்னிறக்கம் எழுப்பும் மின்துடிப்பு ஏறத்தாழ அக்கணமே வந்துவிடுவதால், அதற்குப் பின் ஒலி வந்து சேரும் தாமதத்தை எண்ணெயில் ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். அவ்வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர். 80 டிகிரியில் சுமார் 1,200 மீட்டர். ஒரு மில்லிநொடித் தாமதத்திலேயே 20 சென்டிமீட்டர் வேறுபடும் என்பதால், எண்ணெயின் வெப்பநிலையைக் குறிக்காத பதிவை நான் ஏற்பதில்லை. மின்துடிப்பு கிடைத்தால் மூன்று உணரிகள் போதும். கிடைக்காவிட்டால் தொடக்க நேரமும் அறியப்படாததாகிவிடுவதால் நான்கு தேவை.

இதில் ஒரு பொறி உண்டு. எஃகில் ஒலி எண்ணெயைவிட இருமடங்குக்கும் மேலான வேகத்தில் செல்வதால், அருகிலுள்ள சுவரைத் தொட்டு எஃகு வழியே ஓடிய அலை, நேர்வழியில் வந்த அலையை முந்திவிடக்கூடும். அதை நேர்வழி அலையென்று கொண்டால் மூலம் உண்மையைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். ஆகவே தாமதம் மிகக் குறையும் இடம் வரை உணரியை நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். அங்கு நேர்வழி அலையே முதலில் வரும்.

கேள்வி: ஒலியின் வீச்சிலிருந்து மின்னிறக்கத்தின் மின்னூட்டம் எத்தனை பைக்கோகூலும் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக்கூடாது. சுருணையும் (கம்பிச் சுருளும்) பிரஸ்போர்டு எனும் அழுத்திய காப்பு அட்டைத் தடுப்புகளும் ஒலியை எவ்வளவு விழுங்கின என்பது வெளியே தெரியாது.

கேள்வி: மின்னிறக்கத்தின் அறிகுறியாகக் கருதப்படும் ஹைட்ரஜன் எண்ணெயில் கூடிக்கொண்டே போகிறது, ஒலியோ கிடைக்கவில்லை. மின்மாற்றி நலமாக உள்ளது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். சுருணையின் ஆழத்தில் நிகழும் மின்னிறக்கம் சுவர்வரை எட்டாமலே போகலாம், விட்டுவிட்டும் நிகழலாம். சுமையும் வெப்பநிலையும் மாறும் வேளைகளையும் உள்ளடக்கி நெடுநேரம் பதிவு செய்து, மின்னிறக்கத்தின் மின்காந்த அலையைப் பிடிக்கும் மீயுயர் அதிர்வெண் (UHF) உணரியையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை அறிக்கையில் “ஒலி பதிவாகவில்லை” என்று மட்டும் எழுதுங்கள்.